இரவல் சோபாவும் என் உபகாரச் சம்பளமும்

சென்ற மாதம் புக்கிட் பெருந்துங்கில் உள்ள என் அண்ணன் வீட்டில் புதுச் சோபா ஒன்று வந்து இறங்கியது. மதிய வெயில் ஜன்னல் வழியே அதன்மேல் விழ, பிளாஸ்டிக் உறை சூடேறி ஒரு மணத்தை விட்டது. மணம் என்பது சற்று மிகை. செருப்புக் கடைக்குள் நுழைந்தவுடன் மூக்கில் ஏறுமே, அந்த வாடை. அண்ணன் மகள் அதன்மேல் சம்மணமிட்டு அமர்ந்து, மடிக்கணினியில் கல்விக் கடனுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள்.

"பத்து நிமிஷத்துல முடிஞ்சிருச்சு லா, அத்தை. ஒங்க காலத்துல வீட்டுக்கே ஆள் வந்து பாப்பாங்களாமே?"

வந்தார்கள். வந்தவர் அமர்ந்ததும் இதேபோல் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு சோபாவில்தான். ஆனால் அது எங்கள் சோபா அல்ல. இதைச் சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும். உங்களுக்கு நேரம் இருக்குமென்று நம்புகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. கோலசிலாங்கூருக்கும் சபாக்குக்கும் இடையில் இருந்த ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து தலைநகரின் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ் இலக்கியம் படிக்கப் போயிருந்தேன். அரசாங்கம் எனக்கு உபகாரச் சம்பளம் தந்தது. அந்த ஆண்டு செம்பனை எண்ணெய், ரப்பர், ஈயம் மூன்றும் பேசி வைத்துக்கொண்டதுபோல் ஒன்றாக விலை சரிந்தன. வரவு செலவுத் திட்டத்தில் சிக்கனம், சிக்கனம் என்று வானொலி நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. அப்பா செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி. தாம் காலையில் வெட்டித் தள்ளும் குலைகளின் விலைக்கும் மகளின் படிப்புக்கும் முடிச்சு இருக்கிறது என்று அவர் அதுவரை நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை. உரைநடையின் வளர்ச்சியை ஆராய்ந்துகொண்டிருந்தவளுக்குக் குலை விலை எங்கே தெரியும்?

பிறகு கடிதம் வந்தது. மத்திய அரசாங்கத்தின் நிதி நெருக்கடியால் கலைத்துறை மாணவர்களுக்கான உபகாரச் சம்பளம் நிறுத்தப்படுகிறது. வேண்டுவோர் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து குடும்பத்தின் வறுமையை நேரில் கண்டு உறுதி செய்வார். மூன்று முறை படித்தேன். வறுமை உறுதியாகாவிட்டால் எனக்கு இரண்டாம் ஆண்டு இல்லை. அதுவரை தேர்வுகளை நான் எழுதினேன். இனி எங்கள் வீடு எழுத வேண்டும்.

தவறு என்னிடமிருந்துதான் தொடங்கியது. 'நாம் ஏழைகள்தாமா என்று பார்க்க வருகிறார்' என்று பெற்றோருக்கு எழுதக் கை வரவில்லை. 'சனிக்கிழமை காலை அரசாங்க அதிகாரி ஒருவர் என் படிப்பு விஷயமாக நம் வீட்டுக்கு வருகிறார்' என்று மட்டும் எழுதி, அஞ்சல் தலையை நேராக ஒட்டி அனுப்பினேன். நேராக ஒட்டியதில் எனக்கொரு திருப்தி வேறு.

தோட்டத் தொழிலாளர்களுக்காக ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீடுகள். முக்கியமான விருந்தாளி எந்த வீட்டுக்கு வந்தாலும், குறிப்பாகப் பெண் பார்க்க வந்தால், பன்னிரண்டு வீட்டுப் பொருள்களும் அந்த ஒரு வீட்டுக்கு நடந்து வந்துவிடும். மூன்றாம் வீட்டு லெட்சுமி அக்காவின் சோபா எல்லா வீடுகளிலும் அமர்ந்து எழுந்தது. அடிக்கடி பயணம் போவதால் அதன் பிளாஸ்டிக் உறையை அக்கா கழற்றியதே இல்லை. தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் மண்டோர் வீட்டு ஐஸ் பெட்டியும் அப்படித்தான். தோட்டத்தில் மாலை ஆறிலிருந்து பத்துவரைதான் மின்சாரம் என்பதால், அந்தப் பெட்டி எதையும் குளிர வைத்ததில்லை. எலி புகாத அலமாரியாக மட்டும் அது மிகச் சிறப்பாகப் பணியாற்றியது.

வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்தவள், வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டோமென்று ஓரடி பின்வாங்கினேன். சோபா. ஐஸ் பெட்டி. கால் வைத்த தொலைக்காட்சி. பறவை கூவும் சுவர்க் கடிகாரம். அம்மா ஸ்டூல்மேல் ஏறி, யாருடையதோ ஒரு பூப்போட்ட திரையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அவரு நம்ம கஷ்டத்தப் பாக்க வர்றாரு. இதெல்லாம் இருந்தா எனக்குப் பணம் கெடைக்காது."

"கஷ்டத்த வாயால சொன்னா பத்தாதா? கவர்மெண்டு ஆளப் பலகையிலயா ஒக்கார வைக்கிறது?"

"திருப்பிக் குடுத்துடலாம்மா."

"கூப்புட்டுக் கூப்புட்டுக் குடுத்தாளுங்க. வேணாம்னு தூக்கிட்டுப் போயி நின்னா, லெட்சுமி மூஞ்சில நாளைக்கு எப்படி முழிக்கிறது?"

அப்பா வாசல்படியில் அமர்ந்து வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்: "இத முன்னாடியே வெளக்கமா எழுதியிருக்கலாம்ல ஆயி? எழுதத்தான படிக்கிற?"

எந்தப் பேராசிரியரும் என்னை அவ்வளவு சுருக்கமாக மதிப்பிட்டதில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு, பறவை கூவி முடிப்பதற்குள், என்சிக் ஹாலிம் என்ற அந்த அதிகாரி வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர், சட்டையெல்லாம் செம்மண் தூசி. அலுவலக ஜீப்புக்கான பெட்ரோலையும் அந்த ஆண்டு குறைத்துவிட்டார்களாம். சொந்த மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். அவர் அமர்ந்ததும் சோபா உறை கிறீச்சிட்டது. மடியில் விண்ணப்பப் பாரத்தை விரித்தார். அதில் பொருள்களின் பட்டியலும் பக்கத்தில் கட்டங்களும் இருந்தன. தொலைக்காட்சியைப் பார்த்தார், ஒரு கட்டத்தில் குறியிட்டார். ஐஸ் பெட்டியைப் பார்த்தார், இன்னொரு குறி. அப்பா தம் வருமானத்தைச் சொன்னபோது, அவர் நிமிர்ந்து கடிகாரத்தையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

நான் சமையலறை வாசலில் நின்றேன். வாயைத் திறந்தால் அம்மாவின் மானம் போகும். மூடிக்கொண்டால் என் படிப்பு போகும். மலாயில் ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் அமைத்தேன், திருத்தினேன், மறுபடி அமைத்தேன். அதற்குள் அவர் பாரத்தின் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டார்.

அப்போது மண்டோர் மணியம் உள்ளே வந்தார். தோட்டத்தில் ஆளுங்கட்சியின் கிளைத் தலைவரும் அவர்தான். பொதுத்தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்ததால் அவர் சட்டை நாளுக்கு நாள் வெளுத்துவந்தது. கையில் தட்டச்சு செய்த கடிதம். "பயப்படாத தங்கச்சி, மத்தியில நம்ம ஆளு இருக்காரு லா" என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, கடிதத்தை அதிகாரியிடம் நீட்டி மலாயில் முழங்கினார்: "துவான், இந்தக் குடும்பம் மிகவும் கஷ்டப்பட்ட குடும்பம். வீட்டில் ஒன்றுமே கிடையாது!"

என்சிக் ஹாலிம் இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். பிறகு கடிதத்தைப் பார்த்து, "இதில் முத்திரை இல்லையே?" என்றார்.

"ஒரு நிமிடம், துவான்."

மண்டோர் நேரே எங்கள் வீட்டு ஐஸ் பெட்டியைத் திறந்தார். ஒரு கருவாட்டுப் பொட்டலத்தை நகர்த்தினார். அதன் பின்னாலிருந்து கட்சியின் ரப்பர் முத்திரையையும் மைப்பெட்டியையும் எடுத்தார். கடிதத்தைப் பெட்டியின் தலைமேல் வைத்து ஓங்கி ஒரு குத்து குத்தினார்.

"இந்தப் பெட்டி யாருடையது?" என்று அதிகாரி மெல்லக் கேட்டார்.

"என்னுடையது!" என்றார் மண்டோர், பெருமை பொங்க.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று வியர்க்கும் அளவுக்கு வெயில் இல்லை.

அந்த நேரம் பார்த்து லெட்சுமி அக்கா ஓடி வந்தார். "கெர்லிங்லேர்ந்து வந்துட்டாங்க! மவளப் பொண்ணு பாக்க நாளைக்கு வர்றேன்னவங்க இன்னிக்கே வந்து நிக்கிறாங்க. ஐயோ, அவர எந்திரிக்கச் சொல்லுங்களேன்!"

யாரும் மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. என்சிக் ஹாலிம் எழுந்தார், பாரத்தைக் கக்கத்தில் இடுக்கினார், குனிந்து சோபாவின் ஒரு முனையைத் தாமே பிடித்தார். மறுமுனையை மண்டோர் தூக்கினார். மத்திய அரசாங்கத்தின் பிரதிநிதியும் ஆளுங்கட்சியின் கிளைத் தலைவரும் சேர்ந்து, ஒரு சோபாவை லயத்தின் வாசல் வழியே மூன்றாம் வீட்டுக்குச் சுமந்துபோனதை நான் என் கண்ணால் கண்டேன். மாப்பிள்ளை வீட்டார் அதிகாரியைப் பெண்ணின் தரப்புப் பெரிய மனிதர் என்று எண்ணி எழுந்து கும்பிட்டார்களாம். தேநீரும் கொடுத்தார்கள். குடித்துவிட்டுத்தான் வந்தார்.

திரும்பி வந்து எங்கள் பலகையில் அமர்ந்தார். பையிலிருந்து ஒரு அளவுகோலை எடுத்து, போட்ட குறிகளை ஒவ்வொன்றாகக் கோடிட்டு அடித்தார். ஒழுங்காக அடித்தார், எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. "எங்கள் கிராமத்தில் தட்டுகளும் பாய்களும் இப்படித்தான் வீடு வீடாக நடக்கும்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"உன் வீடு தேறிவிட்டது. ஆனால் மேலே பணம் இல்லை. நான் பத்துப் பெயர் அனுப்பினால் ஐந்தைத்தான் எடுப்பார்கள்." பையைத் திறந்து காட்டினார். உள்ளே கட்டுக் கட்டாகக் கிளைத் தலைவர்களின் கடிதங்கள். எல்லாவற்றிலும் முத்திரை இருந்தது.

ஐந்தில் ஒருத்தியாக வந்தேன். ஆனால் கேட்டதில் பாதிதான் வந்தது, அதுவும் கடனாக. மறுபாதிக்காக வார இறுதிகளில் ரவாங்கில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் படித்து முடித்தேன். லெட்சுமி அக்காவின் மகள் கெர்லிங்குக்கே வாழ்க்கைப்பட்டாள். அதிகாரி வந்துபோன பிறகு அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "மொதல்லயே பலகையில ஒக்கார வச்சிருக்கலாம் அந்த மனுசன" என்றார், பலகை வேண்டாமென்று நான்தான் சொன்னதுபோல்.

பிறகு தோட்டத்தை விற்றார்கள். லயம் இடிந்தது. பன்னிரண்டு வீட்டாரும் பன்னிரண்டு ஊர்களுக்குப் போனார்கள். ஒவ்வொரு வீட்டிலும் இப்போது ஒரு சோபா இருக்கிறது. அண்ணன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு எழுந்த அண்ணன் மகள், கத்தரிக்கோலை எடுத்து உறையின் ஓரத்தைச் சரசரவென்று வெட்டத் தொடங்கினாள். என்னை அறியாமல், "உறை இருக்கட்டுமே" என்றேன்.

அவள் வெட்டுவதை நிறுத்தாமலே சொன்னாள்: "எதுக்கு அத்தை? இது எங்கயும் போகப் போறதில்லையே."