ஓடு இல்லாத கூடு

பஹ்ரைனில் நாங்கள் இருந்த வருடங்களில் என் வெள்ளிக்கிழமை ஆண்டவருக்குப் பாதி, கம்பெனிக்குப் பாதி. ஊரில் ஞாயிற்றுக்கிழமை நடக்கிற பூசையும் மறைக்கல்வி வகுப்பும் அங்கே வெள்ளிக்கிழமைதான். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெள்ளிக்கிழமை டியூட்டி பார்த்தால் வாரத்தில் வேறொரு நாள் நிம்மதியாகத் தூங்கலாம் என்று அதைக் கேட்டு வாங்கிக்கொள்வாள். ஒன்பது வயதுப் பெண்ணை ஈசா டவுன் வீட்டில் தனியாகப் பூட்டி வைக்க முடியாதல்லவா? அதனால் கோயில் முடிந்ததும், பட்டுப்பாவாடை கசங்கக் கசங்க, அப்பாவின் பிக்கப்பில் ஏறி சைட்டுக்குப் போவேன்.

துப்ளி விரிகுடாவின் ஓரத்தைத் தூர்த்து நிலமாக்குகிற ஒரு கம்பெனியில் அப்பா போர்மேன். குமரி மாவட்டத்துக் கடற்கரையில் பிறந்து வளர்ந்த மனிதர், இன்னொரு நாட்டுக்குப் போய்க் கடலுக்குள் மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தார். அதில் அவருக்கு எந்தச் சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமையில் வேலை அதிகம் இருக்காது. தேங்குகிற தண்ணீரை இறைக்கும் பம்ப் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு அவர் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்வார்.

அந்த இரண்டு மணி நேரமும் எனக்குப் பறவைகள்தான். குளிர்காலம் முழுக்க சேற்றுத் திட்டுகளில் பூநாரைகள் நிற்கும். எங்கிருந்தோ வந்து, நாலு மாதம் தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து வைத்துக்கொண்டு தின்றுவிட்டு, வெயில் ஏறுகிற சமயத்தில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடும். அந்த வருடமும் அப்படித்தான் கிளம்பின. எனக்குப் பயங்கரக் கோபம். பூநாரைகள் என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை என்று உண்மையாகவே வருத்தப்பட்ட பிள்ளை நான். அந்தத் தலைக்கனத்தை நினைவில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை, டோசர் ஓட்டுகிற கான் அங்கிள் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். பெஷாவர் பக்கத்து மனிதர். மருதாணி போட்ட தாடி. ஓவர்டைம் கிடைக்கும் என்று வெள்ளிக்கிழமையும் வந்துவிடுவார். பம்புக்குப் பக்கத்தில் இருந்த தகரக் கொட்டகையில் ஸ்டவ் வைத்து, தானே முட்டை பொரித்து, தானே சாயா போட்டுக் குடிப்பார். அவருக்கு இங்கிலீஷ் எழுத வராது. மே மாதக் கடைசியில் அவருடைய மூத்த மகளுக்குக் கல்யாணம். அதற்கான லீவு பாரத்தை முந்தைய வாரம் நான்தான் பள்ளிக்கூடத்துச் சேர்த்தெழுத்தில் அழகாக நிரப்பிக் கொடுத்திருந்தேன். அப்பா கையெழுத்துப் போட்டு ஆபீசுக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அதிலிருந்து என்னிடம் அவருக்குத் தனி மரியாதை.

அவர் காட்டிய இடத்தில், பம்ப் தண்ணீர் தேங்கிய குட்டையின் ஓரத்து மண்மேட்டில், நாலு முட்டைகள் இருந்தன. சேற்று நிறம், மேலே கறுப்புப் புள்ளிகள். கூடு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஒரு குழி, சுற்றிலும் கொஞ்சம் காய்ந்த குச்சி. அதற்குச் சொந்தக்காரப் பறவைகள் இரண்டும் தலைக்கு மேலே கத்திக்கொண்டே பறந்தன. மேலே கறுப்பு, கீழே வெள்ளை, ஊசி போல் அலகு. கால் மட்டும் சிவப்பாக, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீளம். நான் அதற்குக் குச்சிக்கால் என்று பெயர் வைத்தேன். நெடுங்கால் உள்ளான் என்று முறையான பெயர் ஒன்று இருப்பது பிற்பாடுதான் தெரிந்தது.

நாங்கள் விலகி நின்றதும் ஒரு பறவை இறங்கியது. நேரே முட்டைக்குப் போகாமல் குட்டைக்குப் போய், வயிற்றைத் தண்ணீரில் முக்கி நனைத்துக்கொண்டு வந்து முட்டைகள் மேல் உட்கார்ந்தது.

"ஏசி லகாயா, பேட்டி" என்றார் கான் அங்கிள். ஏசி போட்டிருக்கிறது, மகளே என்கிறார். சொல்லிவிட்டு அவரே வெகு நேரம் சிரித்தார்.

பிரச்சினை என்னவென்றால், மறுநாள் காலையில் அந்த மேட்டை மட்டம் தட்ட வேண்டும். கான் அங்கிள் அப்பாவிடம் வந்து தலையைச் சொறிந்தார். அப்பா முட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பிக்கப்பிலிருந்து நாலு சர்வேக் குச்சிகளை எடுத்து வந்து, கூட்டைச் சுற்றி நாலு மூலையிலும் சுத்தியலால் அடித்து, சிவப்பு ரிப்பன் கட்டி, மார்க்கரால் ஏதோ ஒரு எண்ணையும் எழுதி வைத்தார்.

சைட்டில் வேலை செய்தவர்களுக்கு இது புரியும். சாமி சிலையைக்கூடத் தள்ளி வைத்துவிடுவார்கள், சர்வேயர் அடித்த குச்சியைத் தொட மாட்டார்கள். இடித்துவிட்டால் அன்றைய சம்பளம் கட். எந்த நாட்டு டிரைவராக இருந்தாலும் சிவப்பு ரிப்பனைப் பார்த்தால் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டு சுற்றித்தான் போவான்.

"பொரிச்சிட்டுப் போவட்டும். யாருக்கிட்டயும் சொல்லாண்டாம், கேட்டியா மக்களே" என்றார் அப்பா.

அம்மாவிடம் மட்டும் சொன்னோம். "எஞ்சினியரு கண்டுபிடிச்சாருன்னா கூட்டோட சேத்து நம்மளயும் ஊருக்கு அனுப்பிருவாரு" என்றாள். செவ்வாய்க்கிழமை உண்மையான சர்வேயரே வந்துவிட்டாராம். மலையாளி சர்வேயர் தன் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறார். அந்த எண் அதில் இல்லை. குச்சிகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தவர், அப்பாவின் கோணல் எழுத்தின் மேலேயே பெயின்டால் ஒழுங்காக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாராம். அன்று ராத்திரி அப்பா மூன்று சப்பாத்தி கூடுதலாகச் சாப்பிட்டார்.

வாரநாட்களில் நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன், அப்பா ஆபீசுக்கும் சைட்டுக்குமாக அலைவார். அதனால் கூட்டைக் கான் அங்கிளின் பொறுப்பில் விட்டேன். "நீங்கதான் பாத்துக்கணும்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் நெஞ்சில் கை வைத்து, தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார். இரண்டாம் வெள்ளி, மூன்றாம் வெள்ளி, நாலு முட்டையும் பத்திரமாக இருந்தன. குஞ்சு பொரித்ததும் என்ன பெயர் வைப்பது என்று மறைக்கல்வி நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான்.

நாலாம் வெள்ளி, பிக்கப் நிற்பதற்குள் குதித்து ஓடினேன். குச்சிகள் நாலும் இருந்தன, ரிப்பன் ஆடியது. குழி காலி.

முட்டை இல்லை, குஞ்சு இல்லை, உடைந்த ஓட்டில் ஒரு துணுக்குக்கூட இல்லை. குழி துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. பறவைகள் இரண்டும் என் தலையை உரசுவதுபோல் இறங்கி இறங்கிக் கத்தின. ஒன்று தரையில் விழுந்து, இறக்கை முறிந்ததுபோல் இழுத்துக்கொண்டு புரண்டது. பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு அழுகின்றன என்று நினைத்து நானும் சத்தம் போட்டு அழுதேன்.

கான் அங்கிள் கொட்டகையிலிருந்து வந்தார். அவர் முகத்தில் சிரிப்பு. அதுதான் எனக்கு முதலில் பிடிக்கவில்லை.

"சலா கயா, பேட்டி! பைதல் சலா கயா" என்று இரண்டு விரல்களை நடக்கவிட்டுக் காட்டினார். நேற்றுப் பொரித்ததாம், நேற்றே நடந்து போய்விட்டதாம்.

"ஓடு எங்க? முட்டை ஓடு?" என்று அப்பா கேட்டார்.

"மா லே கயி, போர்மேன் சாப்." அம்மா பறவையே ஓட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றார்.

நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன். அவர் சட்டென்று என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். கையை உதறிவிட்டு, பிக்கப் பக்கம் ஓடினேன். வழியில் கொட்டகை வாசலில் குப்பை போடுகிற பால்பவுடர் டின் இருந்தது. உள்ளே முட்டை ஓடுகள். அழுக்கு நிறம், மேலே கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள்.

"அப்பா! அங்கிள் தின்னுட்டாரு! முட்டையெல்லாம் அங்கிள் தின்னுட்டாரு!"

அப்பா வந்து டின்னுக்குள் பார்த்தார். ஒரு நிமிடம்கூடப் பார்த்திருக்க மாட்டார். கான் அங்கிள் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அப்பா "கலாஸ்" என்றார். அந்த ஊரில் எல்லோரும் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்கிற வார்த்தை. முடிந்தது, போதும், விடு, எல்லாவற்றுக்கும் அதுதான். ஆனால் அப்பா அதை அந்தக் குரலில் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. நாலு குச்சிகளையும் பிடுங்கி பிக்கப்பின் பின்னால் எறிந்தார். எனக்கு, நியாயம் கிடைத்துவிட்டது என்று திருப்தியாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள் சமையலறையில் அம்மா பேசியது காதில் விழுந்தது. "அந்த மனுசனுக்க மவளுக்குக் கல்யாணமாம்லா. ஒரு மாசம் லீவு குடுத்தா என்னவாம்?"

"சைட்ல ஆளில்ல. வேற டோசர் ஆபரேட்டர் எங்க இருக்கான்? ஜூலைல போவட்டும்."

"ஜூலைல போய் என்னத்துக்கு? பேரப்பிள்ளை பாக்கவா?"

அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டினார். நான் பாரத்தில் எழுதிய சேர்த்தெழுத்தைப் பற்றி ஆபீசில் யாராவது பாராட்டினார்களா என்று கேட்க நினைத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டேன்.

போன வருடம், சென்னையில் என் ஆபீஸ்காரர்கள் சிலரோடு பள்ளிக்கரணைக்குப் பறவை பார்க்கப் போனேன். கூட்டிப்போன இளைஞன் ஒரு நெடுங்கால் உள்ளானைக் காட்டி, எல்லோருக்கும் சொல்வதைத்தான் எங்களுக்கும் சொன்னான். இதன் குஞ்சு பொரித்த சில மணி நேரத்தில் எழுந்து நடந்துவிடும், கூட்டில் தங்காது. உட்பக்கம் வெள்ளையாகத் தெரிகிற உடைந்த ஓடு கழுகுக்கும் காக்கைக்கும் கூட்டைக் காட்டிக் கொடுத்துவிடும் என்று தாய் அதை அலகில் கவ்விக் கொண்டுபோய்த் தூரத்தில் போட்டுவிடும். யாராவது பக்கத்தில் வந்தால் தாய் கத்தும், இறக்கை முறிந்ததுபோல் நடிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் குஞ்சுகள் அப்படியே மண்ணோடு மண்ணாகப் படுத்துக்கொள்ளும், மிதித்தால்கூடத் தெரியாது.

நான் அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். டின்னில் கிடந்தவை கோழி முட்டை ஓடுகள். அவர் காலையில் பொரித்துத் தின்றவை. மேலே ஒட்டியிருந்தது சாயாவுக்கு வடிகட்டிய தேயிலைத் தூள். இதைக் கண்டுபிடிக்கப் பறவை சாஸ்திரம் எதற்கு? ஒரு ஓட்டைக் கையில் எடுத்துத் துடைத்துப் பார்த்திருந்தால் போதும். நானும் பார்க்கவில்லை, அப்பாவும் பார்க்கவில்லை. அந்தக் குழியைச் சுற்றி நாங்கள் நின்ற இடத்தில் நாலு குஞ்சுகளும் எங்கோ மூச்சடக்கிப் படுத்திருந்திருக்கும். என் தோளைப் பிடித்து இழுத்த கை ஒன்றுதான் அன்று அவற்றைப் பார்த்துக்கொண்டது. அந்த மனிதரைத்தான் நான் திருடனாக்கினேன்.

அன்று சாயங்காலம் நாகர்கோவிலில் இருக்கிற அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். கடைசியில், "அந்த வருசம் சைட்ல ஆளில்லாமத்தான் இருந்துச்சு மக்களே. உள்ளதாக்கும்" என்றார். லீவைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்கவில்லை.

பஹ்ரைனில் அந்த வருடத்து மே மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை இன்னும் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. சைட்டுக்கு ஒரு டிப்பர்கூட வரவில்லை. டோசர் என்ஜின் அணைந்து கிடந்தது. கான் அங்கிள் வெள்ளை வெளேரென்று தேய்த்த சல்வாரும் புது மருதாணி வைத்த தாடியுமாகக் கொட்டகை வாசலில் நின்றார். கையில் மனாமாவில் வாங்கிய லட்டுப் பெட்டி. வாட்ச்மேனுக்குக் கொடுத்தார், பம்ப் பார்க்கிற பையனுக்குக் கொடுத்தார். அப்பாவுக்கு இரண்டு கையாலும் பெட்டியை நீட்டினார். அப்பா ஒன்றை எடுத்து, தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு பம்பைப் பார்க்கப் போனார்.

என்னிடம் வந்து, "பேட்டி கி ஷாதி. ஆஜ்" என்றார். மகளுக்கு இன்று கல்யாணம்.

நாலு வாரமாக அவரோடு பேசாமல் இருந்த நான், ஆச்சரியத்தில் வாயைத் திறந்துவிட்டேன். "அப்போ நீங்க ஏன் போகலை, அங்கிள்?"

அவர் பம்ப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். "சைட் மே காம் ஹை, பேட்டி. பஹுத் காம்." சைட்டில் நிறைய வேலையாம்.

முட்டை தின்றவர் கொடுக்கிற லட்டை வாங்கலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். நெய்வாசனை வந்தது. மேலே முழு முந்திரி வேறு இருந்தது. சரி, போனால் போகட்டும், மன்னித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். "இட்ஸ் ஓகே, அங்கிள்" என்று பெரிய மனது பண்ணிச் சொல்லிவிட்டு, பெட்டியிலிருந்து இரண்டு எடுத்துக்கொண்டேன்.