வெளுத்த பாசி

கற்பிட்டிக் களப்பில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கஞ்சிப்பாசி பிடுங்குவதில் என் ராத்தாவை மிஞ்ச ஆள் கிடையாது. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த அக்கா. தொண்ணூறில் நாங்கள் மன்னாரை விட்டுத் துரத்தப்பட்டு வந்தபோது, கைக்குழந்தையாக இருந்த என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவளும் அவள்தான். படித்தவள் நான்; ஆனால் வீட்டில் வாய் அவளுக்குத்தான்.

நான் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில், உண்ணக்கூடிய சிவப்புக் கடற்பாசிகளில் என்னென்ன கொழுப்பு இருக்கிறது என்று பார்க்கிறவள். "பாசியில ஏது கொழுப்பு? கொழுப்பெல்லாம் உனக்குத்தான்" என்று ராத்தா சிரிப்பாள்.

அந்தப் பகிடிக்குப் பதில் சொல்லப் போய்த்தான் வினை. பாசியில் கொழுப்பு மிகக் குறைவு, ஆனால் இருக்கிற கொஞ்சத்தில் மீனில் இருப்பது போன்ற நல்ல கொழுப்பமிலங்கள் உண்டு, இதயத்துக்கு நல்லது என்றேன். "மிகக் குறைவு" என்பதை மெதுவாகவும் "இதயத்துக்கு நல்லது" என்பதை உரக்கவும் சொல்லியிருப்பேன். தங்கச்சிக்கு எல்லாம் தெரியும் என்று அவள் அக்கம்பக்கத்தில் சொல்லித் திரிவது எனக்குப் பிடிக்கும். வெட்கம்கெட்ட ஆசை.

ராத்தாவுக்கு அப்போது நெஞ்சுவருத்தம் தொடங்கியிருந்தது. கிளினிக்கில் நாள்தோறும் விழுங்கக் குளிசை கொடுத்திருந்தார்கள்.

ஆய்வுக்குப் பாசி கேட்டேன். பிடுங்கியவுடன் வெயில் படாமல் ஐஸ் பெட்டியில் வைத்துத் தரச் சொன்னேன். அவள் தந்ததோ பஞ்சு போல வெள்ளைப் பாசி. நல்ல தண்ணீரில் அலசி, பாயில் பரப்பி, காயக் காய மறுபடி நனைத்து, ஒரு கிழமை வெயிலில் போட்டு வெளுக்க வைத்திருந்தாள். எங்கள் பக்கம் வெள்ளையாக இருந்தால்தான் பாசி. சிவப்பாகவே ஒருவருக்குக் கொடுப்பது மரியாதை இல்லை.

"கெடுத்துப் போட்டீங்க ராத்தா" என்று கத்தினேன்.

"உன்ட படிப்பிக்கிற சேர்மாருக்கு ஊத்தப் பாசியா அனுப்புற?" என்று அவளும் கத்தினாள். மறுநாளே களப்பில் இறங்கிப் புதுப் பாசி பிடுங்கித் தந்தாள். இரண்டையும் கொண்டுபோனேன்.

பாசியின் கொழுப்பைப் பிரித்தெடுத்து இயந்திரத்துக்குக் கொடுத்தால், அது ஒவ்வொரு கொழுப்பமிலத்தையும் ஒரு முகடாக வரைந்து காட்டும். புதுப் பாசியில் நல்ல முகடுகள் நின்றன. வெளுத்த பாசியில் அவை இருந்த இடம் ஏறக்குறையத் தட்டை. வெயிலும் காற்றும் தின்றுவிட்டிருந்தன. அருமையான ஒப்பீடு என்று சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால் இன்றும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

அன்று மாலை தொலைபேசியில் ராத்தா சொன்னாள்: "நோன்பு திறக்க ஒவ்வொரு நாளும் பாசிக் கஞ்சிதான் புள்ள. குளிசை வயித்த எரிக்கிது, விட்டுட்டன். நீ சொன்ன கொழுப்பு இதிலயே இரிக்கிதானே?"

வெளுத்த பாசியில் காய்ச்சிய கஞ்சி. அதில் இருந்த கொழுப்பெல்லாம் தேங்காய்ப்பாலின் கொழுப்பு. புதுப் பாசி என்றாலும் ஒரு கோப்பைக் கஞ்சி குளிசைக்கு ஈடாகாது என்பதும் எனக்குத் தெரியும். "குளிசைய விடாதீங்க" என்று மட்டும் சொன்னேன், அதுவும் ஒப்புக்கு. நான் பெருமையடித்தது பிழை என்று சொல்ல நா எழவில்லை. பெருநாளைக்கு ஊருக்குப் போய் நேரில் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அஸர் தொழுதுவிட்டு எழும்பியவள் பாயிலேயே சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மௌத்தாகிவிட்டாள். அலுமாரியில் கிளினிக்கில் கடைசியாகக் கொடுத்த குளிசை பிரிக்காமல் கிடந்தது.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து ஆட்கள் போன பிறகு, ராத்தாவின் கணவர் என் எதிரே கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அவ குடிச்ச கஞ்சி நெஞ்சுக்கு நல்லதுதானே?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அந்த மனிதருக்கு அது போதும். ஆனால் இன்னொரு முறை அவள் பெயரில் பொய் சொல்ல எனக்குத் திராணி இல்லை. அழுது அழுது எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கஞ்சியில ஒண்டுமில்லெண்டு நீ அறிஞ்சு எத்தின நாளைக்குப் பொறகு அவ மௌத்தானா?"

"பதினொரு நாள், மச்சான்."

அவர் எழும்பி உள்ளே போனார்.