ஜோஸ்பின் காரில் சூடேறும் சீட்டு

திண்டுக்கல் வெயிலில் காரைச் செத்த நேரம் வெளியே நிறுத்திவிட்டு ஏறினால் சீட்டில் தோசையே வார்க்கலாம். அந்தச் சீமையில் ஒருத்தி கைக்காசைப் போட்டுத் தன் பழைய காரின் சீட்டுக்குச் சூடேற்றும் மெத்தை வைக்கிறாள் என்றால் ஊர் சும்மா இருக்குமா? கொடைரோடு ரயில்வே ஸ்டேஷன் வாசலில் வாடகைக் கார் ஓட்டும் ஜோஸ்பினைப் பார்த்துச் சிரிக்காத வாய் இல்லை.

"சீட்டுல அடுப்பு வைக்கிறீங்களாமேக்கா? அப்பிடியே எனக்கு ரெண்டு ஆம்லெட் போட்டுருங்க" என்றான் பக்கத்து வண்டிக்காரன் கண்ணன்.

"வேகப்போறது என் இடுப்பு. ஒன் வாயி ஏன்டா அதுக்குள்ள வேகுது?" என்றாள் ஜோஸ்பின்.

இடுப்புதான் விஷயம். நிலக்கோட்டையிலிருந்து மினி வேனில் மல்லிகை மூட்டை ஏற்றிவந்த காலத்திலேயே, "பொம்பள ஓட்டுற வண்டியில பூ அனுப்புனா வெளங்குமா?" என்று கேட்ட ஆட்களைத் தன் வண்டிக்குப் பின்னால் தூசி தின்ன வைத்தவள் அவள். பிறகு பழைய கார் ஒன்றை வாங்கி, மஞ்சள் போர்டு மாட்டி, கொடைக்கானல் சவாரி அடிக்கத் தொடங்கினாள். மலையடிவாரத்து வத்தலக்குண்டில் வேர்த்து வழியும். மேலே போகப் போகக் குளிர் எலும்புக்குள் இறங்கும். கிறிஸ்துமஸ் சமயத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டால், கதவைப் பிடித்துத் தொங்கித்தான் காரைவிட்டு இறங்குவாள்.

"வண்டி ஓட்டுறத விட்ருங்கம்மா" என்றார் டாக்டர். ஏதோ காபியை விடச் சொல்வதுபோல் சொன்னார், மகராசன்!

"சூடு குடுத்தா கேக்குமா, கேக்காதா? அத மட்டும் சொல்லுங்க."

கொஞ்சம் கேட்கும் என்றார். அவளுக்கு அது போதும்.

காரைத் திண்டுக்கல்லில் சீட் கவர் கடை வைத்திருக்கும் அப்துல் ஜப்பாரிடம் கொண்டுபோனது அவள் கணவர் ஞானராஜ். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாள் முதல் அவருக்கு அந்த ஸ்டியரிங்மேல் ஒரு கண். சாயங்காலம் கார் வீடு வந்தது. ஜோஸ்பின் ஆசையாகக் கதவைத் திறந்தாள். சூடேற்றும் மெத்தையும் சுவிட்சும் இடது பக்கத்துச் சீட்டில் இருந்தன.

"என்னங்க இது? எனக்குன்னு சொல்லலையா?"

"ஒனக்குன்னுதான் சொன்னேன். வீட்டுக்காரிக்கு இடுப்பு வலின்னேன். பாய் அந்தப் பக்கம் வச்சுட்டாரு."

வேறெங்கே வைப்பார்? காரை ஆம்பளை ஓட்டுவான், பெண்டாட்டி பக்கத்தில் உட்காருவாள் என்பது இந்த ஊரில் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்கிற சங்கதி இல்லை.

"நீங்க பாத்துக்கிட்டுத்தான நின்னீங்க? வாயில என்ன கொழுக்கட்டையா?"

ஞானராஜ் தலையைச் சொறிந்தார். "இதுவும் நல்லதுக்குத்தான்னு நெனச்சேன். நான் ஓட்டுறேன். நீ பக்கத்துல சூடா உக்காந்து வா. இம்புட்டு நாள் ஓட்டுனது போதாதா?"

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணனின் கிண்டலுக்குப் பதில் கொடுத்துவிடலாம். இந்தச் சர்க்கரைப் பேச்சு ஆளை ஆயுசுக்கும் இடது பக்கத்தில் உட்கார வைத்துவிடும். மறுநாள் அவளே காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

"அட, அக்காவா ஓட்டுறது! சார் கொண்டாந்தாரேன்னு..." அப்துல் ஜப்பார் இழுத்தார்.

"கழட்டி இந்தப் பக்கம் மாத்துங்க பாய்."

"ரெண்டு கவரையும் பிரிக்கணும். பேசாம இது இங்கயே இருக்கட்டும், ஒங்களுக்கு வேற ஒண்ணு போட்ருவோமா?"

"வேணாம். அங்க ஒண்ணு இருந்துச்சுன்னா என்னைய அங்கதான் உக்காரச் சொல்லுவாரு."

ஸ்டூல் போட்டார்கள், உட்காரவில்லை. கடைசி ஒயர் மாறும்வரை இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, கார் பக்கத்திலேயே நின்றாள்.

அடுத்த சவாரிக்கு, "துணைக்கு வாரேன்" என்று ஞானராஜும் ஏறிக்கொண்டார். வழியில் இவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்று அவருக்குப் பயம். சென்னை ரயிலில் வந்து இறங்கிய புருஷன் பெண்டாட்டி இருவர் பின்சீட்டுக்கு வந்தார்கள். ஸ்டியரிங் முன்னால் ஜோஸ்பினைக் கண்டதும் அந்த மனிதர் ஞானராஜ் பக்கம் குனிந்தார்.

"மலை ரோடு பாருங்க. சார் ஓட்டுனாத் தேவலை."

ஞானராஜ் வாயைத் திறக்கப் போனார். ஜோஸ்பின் முந்திக்கொண்டாள்.

"மலைக்குப் போகணும்னா ஏறுங்க. அவருதான் ஓட்டணும்னா அவரு வேற வண்டி வாங்குற வரைக்கும் நில்லுங்க."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே முதலில் ஏறினாள். பின்னாலேயே அவரும் ஏறினார்.

மலைப்பாதையில் பனி இறங்கியிருந்தது. எதிரே பஸ் வந்த கொண்டை ஊசி வளைவில் ஜோஸ்பின் காரைப் பின்னெடுத்து, ஒதுக்கி, வழிவிட்டு, மறுபடி ஏற்றினாள். பின்சீட்டு மனிதர் எட்டிப் பார்த்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். ஆனால் அப்படித் திருப்பியதில் அவள் இடுப்பு சுருக்கென்று இழுத்தது. பல்லைக் கடித்தாள். ஞானராஜ் அதைப் பார்த்துவிட்டார்.

"வலிக்குதா? நிப்பாட்டு, நான்..."

"வலிக்கத்தான் செய்யுது. அதுக்கு?"

கொஞ்ச தூரம் போனதும் அவர் மெல்லக் கையை நீட்டி, அவள் சீட்டின் சுவிட்சைத் தேடினார்.

"கைய எடுங்க" என்றாள். அவர் எடுத்துக்கொண்டார். அடுத்த வளைவு தாண்டியதும் அவளே சுவிட்சைப் போட்டுக்கொண்டாள்.