புறங்கை சொன்ன டிகிரி

காலையில் எழுந்ததும் அவள் முதலில் திறப்பது தெருப்பக்கம் பார்த்த அடுக்களை ஜன்னலைத்தான். வளையலை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டு, கம்பிகளுக்கு நடுவே வலது கையை நீட்டி, புறங்கை மேலே இருக்கும்படி வைத்துக்கொள்வாள். விரல்களைச் சேர்க்கமாட்டாள், ஒன்றையொன்று தொட்டால் உடம்புச் சூடு கலந்துவிடுமாம். மூன்று எண்ணும் நேரம்தான். கையை உள்ளே இழுத்து, அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே, "இருபத்தாறு" என்பாள். அரை டிகிரி இருந்தால் அதையும் விடமாட்டாள்.

சாயப்பட்டறையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்ததில் வந்த பழக்கம். சாயம் கொதிக்கும் தொட்டியின் வெளிப்பக்கத்தில் புறங்கையை ஒற்றி எடுத்து, "அறுபத்திரண்டு, இன்னும் கொஞ்சம் ஏறட்டும்" என்பாளாம். மேஸ்திரி சந்தேகப்பட்டுத் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால் அதுவும் அறுபத்திரண்டில் நிற்கும். அங்கே அவளுக்கு டிகிரி அக்கா என்று பெயர். "பத்தாவது தாண்டாதவளுக்கு எங்க பட்டறைதான் டிகிரி கொடுத்துச்சு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவள் கணவர் லிப்ட் பழுது பார்ப்பவர். அக்கம்பக்கத்தில் லிப்ட்காரர் என்றால்தான் தெரியும். ஊரெல்லாம் லிப்டை ஓடவைத்துவிட்டு, லிப்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடிக்குப் படியேறி வருபவர். வேலைக்குப் போகிற வழியில் ஒரு வங்கி. அதன் வாசலில் நேரமும் வெப்பநிலையும் சிவப்பு எழுத்தில் மாறி மாறி ஓடும் பலகை. அவள் சொன்னதும் அது சொன்னதும் ஒத்துப்போகாத நாளில் சாயங்காலம் வம்புக்கு இழுப்பார்.

"உன் கை இன்னைக்கு ஃபெயில்."

"அந்த போர்டுக்கு ஜுரம். போய் மாத்திரை வாங்கிக் கொடுங்க."

ஒரு வாரத்தில் பலகையைக் கழற்றி ரிப்பேருக்குக் கொண்டுபோனார்கள். அதோடு லிப்ட்காரருக்கு அந்தப் பலகை மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது.

வயிற்றில் வந்த கட்டிக்கு மருந்து ஏற்ற ஆரம்பித்த நான்காவது மாதம், ஜன்னல் மூடியே கிடந்தது. ஏன் என்று கேட்டார்.

"விரல் மரத்துப்போச்சுங்க. கையுறை போட்ட மாதிரி இருக்கு. வெந்நீரும் ஒண்ணுதான், பச்சத்தண்ணியும் ஒண்ணுதான்."

மருந்து செய்கிற வேலை அது, சிலருக்கு உணர்ச்சி திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்றார் டாக்டர். லிப்ட்காரர் காதில் முதல் பாதிதான் விழுந்தது. கை திரும்பினால் ஆளும் திரும்பிவிடுவாள் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஒரு பெட்டி வந்து இறங்கியது. வீட்டில் மாட்டுகிற வானிலைக் கருவி. காற்றில் சுற்ற மூன்று கிண்ணம், திசை காட்ட ஒரு வால், மழையை அளக்க ஒரு புனல், வெயில் படாமல் வெப்பத்தை அளக்க சாஸர்களை அடுக்கினாற்போல ஒரு வெள்ளைக் கூடு. வீட்டுக்குள் வைத்துப் படிக்க ஒரு திரை.

"எதுக்குங்க இது? நாம என்ன கப்பலா விடப்போறோம்?"

"உனக்குப் போட்டி. தினம் காலையில நீ கையால சொல்லு, நான் மீட்டரைப் பார்த்துச் சொல்றேன்."

மொட்டைமாடிச் சாவியைத் தரக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் மறுத்துவிட்டார். அதனால் பின்பக்க பால்கனிதான் வாய்த்தது. துளை போட்டு, போல்ட் இறக்கி, சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி இரும்புக்குழாயை நிறுத்தினார். ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கும்வரை விடவில்லை. போனில் திசை பார்த்து வடக்குக் குறியை வடக்கே திருப்பினார். மேலே ஏதாவது மறைக்கிறதா என்று பார்த்தார்; இடமும் வலமும் பார்த்தார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து திருகாணிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு தரம் தரையில் சிதறின.

"கையில இருக்கா இல்லையான்னு கண்ணால பார்த்துத்தான் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு" என்றாள்.

"திரும்பிடும்" என்றார் அவர், குழாயைப் பார்த்துக்கொண்டே.

திரையைக் கூடத்து அலமாரியில் வைத்து, திருட்டுத்தனம் கூடாது என்று ராத்திரி அதன் மேல் ஒரு துண்டைப் போட்டார். மறுநாள் ஆறு மணிக்கு அவள் கையை நீட்டினாள். வெகுநேரம் நீட்டியிருந்தாள்.

"இருபத்திநாலு."

துண்டை எடுத்தார். இருபத்தொன்பது.

"புதுசுல்ல, போகப்போக சரியாயிடும்" என்றார். மீட்டரைச் சொன்னாரா கையைச் சொன்னாரா என்று அவருக்கே தெரியாது. அடுத்த நாள் அவள் முப்பத்திமூன்று என்றாள், மீட்டரில் இருபத்தெட்டு. அவர் பால்கனிக்குப் போய், ஏற்கெனவே இறுகியிருந்த போல்ட்டை இன்னும் இறுக்கினார். கூடத்தில் நின்று அவள் அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அவர் கேட்கவில்லை.

நான்காம் நாள் அவளாகவே கூப்பிட்டாள். "ஏங்க. இருபத்தொன்பது."

துண்டை எடுத்தார். இருபத்தொன்பது.

அன்றைக்கு அவர் இரண்டு டம்ளர் தேநீர் குடித்தார். பழைய டைரி ஒன்றை எடுத்துக் கோடு கிழித்து, ஒரு பக்கம் 'கை', ஒரு பக்கம் 'மீட்டர்' என்று தலைப்புப் போட்டார். இருபத்தொன்பது, இருபத்தொன்பது. முப்பது, முப்பது. சில நாள் அரை டிகிரி வித்தியாசம் வரும். "வயசாகுதுல்ல" என்பாள். அவள் தட்டில் சோறு அப்படியே இருப்பதும், ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவுவதும் அவர் கண்ணில் படாமல் இல்லை. ஆனால் டைரி கையில் இருந்தது.

ஒருநாள் அதிகாலையில் மருந்துக்கடைக்குப் போய்வந்தவர், "ரிப்பேராகி வந்த பேங்க் போர்டு இருபத்தாறுன்னு காட்டுது. இப்ப அதுக்குக் குளிர்ஜுரம்" என்றார்.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். "அப்படியா" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "நம்ம மீட்டரைவிட அது என்ன ஒசத்தியா" என்றாள்.

மகள் வெளியூரில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். வரட்டுமா என்று போனில் கேட்டாள்.

"அவசரமில்லம்மா. அம்மாவுக்குக் கை திரும்பிடுச்சு. பரீட்சையை முடிச்சுட்டு நிம்மதியா வா."

"நிஜமாவாப்பா? அம்மாகிட்ட கொடுங்க."

அவள் போனை வாங்கினாள். "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

அப்படி முப்பத்தெட்டு நாள். முப்பத்தொன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பரீட்சையைப் பாதியில் விட்டுவிட்டு மகள் வந்துசேர்ந்தபோது அம்மாவுக்குப் பேச்சு நின்றிருந்தது. கட்டில் ஓரமாக உட்கார்ந்து அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவே வைத்துக்கொண்டாள். விடிவதற்குள் முடிந்துவிட்டது.

எல்லோரும் போன பிறகு மகள் கேட்டாள். "கை திரும்பிடுச்சுன்னு சொன்னீங்களேப்பா."

அவர் டைரியை எடுத்து நீட்டினார். அவள் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். மூடி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

லிப்ட்காரர் காலை ஆறு மணிக்கு மீட்டர் பார்ப்பதை நிறுத்தவில்லை. 'கை' என்ற பக்கம் மட்டும் காலியாகவே போய்க்கொண்டிருந்தது.

மூன்று மாதம் கழித்துக் கீழ்வீட்டுக்காரர்கள் காலி செய்தார்கள். அவர்களுடைய ஏசியின் வெளிப்பெட்டியைக் கழற்ற ஏசி மெக்கானிக் ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பின்சுவரில் தொங்கினார். பால்கனியில் நின்ற லிப்ட்காரரை அண்ணாந்து பார்த்தார்.

"சார், இந்த மீட்டரை யாரு மாட்டுனது?"

"நான்தான். ஏன்?"

"நல்லாத்தான் மாட்டியிருக்கீங்க. ஆனா இந்தப் பெட்டி விடற சூடு நேரா மேல வந்து அதுக்குள்ளதானே போகும். ராத்திரி பூரா ஓடியிருக்கும். காலையில மூணு டிகிரியாவது கூடக் காட்டியிருக்குமே, நீங்க கவனிக்கலையா?"

"இந்தப் பெட்டி எப்பலேர்ந்து இங்க இருக்கு?"

மெக்கானிக் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த காகிதத்தைத் துடைத்துப் பார்த்தார். "ரெண்டு வருஷமாச்சு சார்."

அன்றுவரை ஆறு மணிக்கு இருபத்தொன்பதைத் தொட்ட மீட்டர், மறுநாள் இருபத்தாறு காட்டியது. படியிறங்கி வங்கி வரை நடந்துபோய்ப் பார்த்தார். அங்கேயும் இருபத்தாறு. திரும்பி வந்து டைரியைத் திறந்தார்.

இருபத்திரண்டு வருடம் தொட்டியைத் தொட்டு ஒரு டிகிரி பிசகாத கை, தெருப்பக்கத்து இருபத்தாறு டிகிரிக் காற்றில் நீண்டுகொண்டு, முப்பத்தெட்டு நாளும் துண்டுக்கு அடியில் இருந்த மீட்டரின் தப்பை அப்படியே சொல்லியிருந்தது.