கொடிக்கம்பியில் சுற்றிய ஒயர்

அன்று மாலை நாலேகாலுக்கு என் மகளின் அலறல் கேட்டது.

எங்கள் லைன் வீட்டுக்குக் மின்வாரியத்தில் கூடுதல் டெபாசிட் கேட்டிருந்தார்கள். வீட்டுக்காரம்மா அதை எங்களையே கட்டச் சொன்னார். பனியன் கம்பெனியில் அப்போது எனக்கு வேலை குறைவு. அவரிடம் தவணை கேட்கக் கூச்சப்பட்டு, "கட்டிடறனுங்க" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தேன். கரண்டைத் துண்டித்துவிட்டார்கள். பத்தாவது படிக்கும் மகளுக்கு லைட் வேண்டுமே என்று பக்கத்து வீட்டுச் செல்வியிடம் கேட்டு ஒயர் இழுத்தேன். அதைத் துணி காயப்போடும் கம்பியில் சுற்றித்தான் எங்கள் ஜன்னல்வரை கொண்டுவந்தேன்.

ஒயர் தேய்ந்து செம்பு தெரிந்ததை நான் பார்க்கவில்லை. ஈரச் சீருடையைக் காயப்போட்ட மகளின் கை கம்பியோடு ஒட்டிக்கொண்டது. இழுக்கப் பாய்ந்தேன். "தொட்டுறாதீங்கக்கா!" என்று கத்திக்கொண்டே செல்வி தன் வீட்டுக்குள் ஓடி சுவிட்சை அணைத்தார். மகள் சரிந்தாள். கூப்பிட்டேன், பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். "அம்மா" என்ற பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

உள்ளங்கைக் காயம் ஆறிவிட்டது. இப்போதெல்லாம் கட்ட முடியாத பணமென்றால் முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். அன்று ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த வீட்டுக்காரம்மா, மகளின் கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"ஏனுங்க, எங்கிட்டத் தவணை கேக்க வெக்கப்பட்டுட்டு, புள்ள உசுரப் பணயம் வெச்சுட்டீங்களே!"