கிளினிக் வாரம்

எங்கள் தோட்டத்தில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக் வாரம் வரும். காலண்டரில் இருக்காது. ஆனால் யார் வீட்டில் நடக்கிறது என்று லயத்து வீடுகள் முழுக்கத் தெரியும். ஏழு நாளைக்குக் கருவாடு கிடையாது, ஊறுகாய் கிடையாது. பாகற்காய்ச் சாறு, உப்பில்லாத கஞ்சி, வேளை தவறாமல் மாத்திரை. எட்டாம் நாள் டாக்டர் பிரஷர் பார்த்து நல்லா இருக்கு என்றதும் நேரே கடைக்குப் போய் ரொட்டி சானாயும் ஆட்டுக்கறிக் குழம்பும். மாத்திரைப் பை அடுத்த தவணை வரைக்கும் சாமி மேடைக்குக் கீழே தூங்கும். இதை ஏமாற்று வேலை என்று நாங்கள் நினைத்ததே இல்லை. பரீட்சைக்கு முந்தின வாரம் படிப்பதில்லையா, அந்த மாதிரிதான்.

நான் மலேசியாவில் கோலா பிலா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மண்டோர், அதாவது கங்காணி. விடிவதற்கு முன்பே மேனேஜர் கைப்பேசியில் ஆரம்பித்துவிடுவார். எத்தனை ஆள் வந்தார்கள், வெட்டிய குலை ஏன் கீழேயே கிடக்கிறது, லோரி ஏன் பாதி காலி? ஒவ்வொரு 'டிங்'குக்கும் என் பின்கழுத்து இறுகும். மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறது, வேலை ஓடாது என்று வீட்டில் ஒரு சாக்குச் சொல்லி வைத்திருந்தேன். என் மனைவி எதிர்த்துப் பேசியதில்லை. கஞ்சி வைக்கச் சொன்னால் வைப்பாள்.

போன தவணைக்கு இருவரும் சேர்ந்து போனோம். டாக்டர் சின்னப் பெண், நம் தமிழ் ஆள்தான். மிஷினைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"சூப்பர் லா அங்கிள்! தொடர்ந்து மூணு தடவ நல்லா இருக்கு. ரெண்டு மருந்துல ஒண்ண நிறுத்திப் பாக்கலாம்."

எனக்கு வாயெல்லாம் பல். பக்கத்தில் மனைவி கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"எழுதறதுக்கு முன்ன இன்னொரு தடவ பாத்துடறேன்" என்றாள் டாக்டர். கையில் பட்டை இறுகிய நேரம் பார்த்து சட்டைப் பையில் 'டிங்'. தொடர்ந்து இன்னும் மூன்று. வேறு யார், மேனேஜர்தான். என் கழுத்து கல்லாகியது. மிஷினில் வந்து நின்ற எண்ணைப் பார்த்து டாக்டரின் சிரிப்பு போய்விட்டது.

"மருந்து டெய்லி சாப்பிடுறீங்கதானே, அங்கிள்?"

"ஒரு நாள் விட்டதில்ல டாக்டர்."

"இல்ல டாக்டர்" என்றாள் என் மனைவி. "கிளினிக்குக்கு முந்தின வாரம் மட்டும்தான் சாப்பிடுறாரு. மிச்சமெல்லாம் அப்படியே வீட்டுல கெடக்கு."

அடிப்பாவி! என் காது மடல் இரண்டும் கொதித்தன. டாக்டர் என்னைத் திட்டவில்லை.

"தோட்டத்துல மருந்தடிக்கிற பம்பு ட்யூப்ப வெயில்லயே போட்டு வச்சா என்னாகும் அங்கிள்?"

"வெறச்சிடும்."

"அப்புறம்?"

"வெடிச்சிடும்" என்றேன்.

"உங்க ரத்தக் குழாயும் அப்படித்தான் வெறச்சுக்கிட்டு வருது. உப்பு, கொழுப்பு, இந்த போன் டென்ஷன், எல்லாம் அதுக்கு வெயிலு. ஒரு வாரம் மட்டும் நெழல்ல வச்சா பத்துமா?"

எந்த மருந்தையும் நிறுத்தவில்லை. இனி மாதாமாதம் வரச் சொன்னாள்.

திரும்பும் வழியில் காரை விரட்டினேன். பாதித் தூரத்தில் அடக்க முடியவில்லை.

"பாஸான ஆளப் போயி பெயிலாக்கிட்டியே! ஒரு சின்னப் பொண்ணு முன்னால மானம் போச்சு."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள். "எங்கப்பாவுக்கும் கிளினிக் வாரத்துக்கு நான்தான் கஞ்சி வச்சேன். அவரும் பாஸானாரு. மருந்தக் கொறைச்சாங்க."

பாஸான அன்று மாமனார் எனக்கும் சேர்த்து ரொட்டி சானாய் வாங்கித் தந்தார். மூன்றாவது வாரம் செம்பனை நிரைக்குள் விழுந்து கிடந்தவரைத் தூக்கி லோரியில் ஏற்றியவர்களில் நானும் ஒருவன். சாவு வீட்டில் எல்லோரும் விதி என்றார்கள். அவளும் தலையாட்டினாள். இத்தனை வருஷம் எனக்குக் கஞ்சி வைத்தபோதெல்லாம் அவள் எதை நினைத்துக்கொண்டிருந்தாள் என்று நான் கேட்டதே இல்லை.

காரை ஓரமாக நிறுத்தினேன். சட்டைப் பையில் மறுபடியும் 'டிங்'. எடுக்கவில்லை.

"பயமா இருக்குங்க" என்றாள்.

"எனக்கும்தான்" என்றேன். அதை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.