மாமா கொண்டுவந்த பாட்டு

போன மாதம், பதுளையில் நான் படிப்பிக்கும் டியூஷன் வகுப்புக்கு ஒரு மாணவி கறுப்பு டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நெஞ்சில் வெள்ளை எழுத்தில், அமெரிக்காவின் பழைய ராப் குழு ஒன்றின் பெயர். இவர்கள் யார் தெரியுமா என்று கேட்டேன். "ஏதோ பிராண்டு டீச்சர். பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடைபாதையில போட்டு விக்கிறாங்க" என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. கறுப்பின இளைஞர்கள் சிலர் தங்கள் தெருவில் போலீஸ் செய்ததையும், அந்தத் தெருவே தனக்குள் செய்துகொண்டதையும் ஒளிக்காமல் பாடியபோது, வானொலிக்காரர்கள் அவர்களைத் தொடவே பயந்தார்களாம். இன்று முன்னோடிகள் என்கிறார்கள். படம் எடுத்துவிட்டார்கள். பேராசிரியர்கள் கட்டுரை எழுதுகிறார்கள். நான் வளர்ந்த தேயிலைத் தோட்டத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது இந்தப் பெருமை எதுவும் கூட வரவில்லை. உறைகூட இல்லாத ஒரு சீடியில் வந்தார்கள்.

கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. கொழும்பில் ஒரு இரும்புக் கடையில் வேலை பார்த்தார். யுத்தம் இன்னும் முடியாத காலம். ஒருநாள் கடைக்குப் போகும் வழியில் போலீஸ்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி, அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்து, அவரை இறக்கிக்கொண்டார்கள். கடை முதலாளி ஆள் பிடித்துப் பேசி அவரை வெளியே எடுக்கச் சில வாரங்கள் ஆயின. நமுனுகுல மலையடியில் இருந்த எங்கள் லயத்துக்கு அவர் வந்தபோது வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. மாடிப்படியில் விழுந்துவிட்டார் என்று எனக்கும் அக்காவுக்கும் சொல்லப்பட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது. கொழும்பில் மாடிகள் அதிகம் என்று கேள்விப்பட்டிருந்ததால் அதை உடனே நம்பினேன்.

முன்பெல்லாம் மாமா வந்தால் வீடு சிரிப்பாக இருக்கும். தோட்டத்துத் துரை மாதிரி நடந்து காட்டுவார். இந்த முறை பேச்சே இல்லை. காலையில் அம்மா கொழுந்தெடுக்கவும் அப்பா தேயிலை ஃபாக்டரிக்கும் போனபிறகு, டீவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதோடு இருந்த பிளேயரில் அந்தச் சீடியைப் போடுவார். அவரோடு கொழும்பு அறையில் தங்கியிருந்த ஒருவர் பிரதியெடுத்துக் கொடுத்ததாம்.

லயத்தில் ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். ஆகவே அந்தக் குழுவின் பாட்டை வரிசை முழுவதும் கேட்டே தீரவேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு அத்தை, தண்ணிக் குழாயடியில் சண்டை என்று நினைத்து வெளியே ஓடி வந்தார். கோயிலில் தப்படிக்கும் பெரியப்பா வாசலில் நின்று கொஞ்சநேரம் கேட்டுவிட்டு, "பாட்ட காணோம், ஆனா அடி இருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். இளவட்டங்களுக்கு மட்டும் பிடித்துப்போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து, ஒரு சொல்லும் விளங்காமல் தலையை ஆட்டுவார்கள்.

அப்படி ஒரு ஞாயிறு, ஒருத்தன் மாமாவிடம் அர்த்தம் கேட்டான். மாமா யோசித்து யோசித்துச் சொன்னார். "ரோட்டுல போறவன போலீஸ் நிப்பாட்டுது. அவன் ஒண்ணும் செய்யல. கறுப்பா இருக்கான், அவ்வளவுதான்."

எல்லோரும் தலையாட்டுவதை நிறுத்திவிட்டார்கள். "அங்கயும் ஐடென்டி கார்ட் கேப்பாங்களாண்ணே?" என்றான் ஒருத்தன்.

அப்போதுதான் அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள். எங்கள் வீட்டில் ஆங்கிலம் ஒழுங்காகத் தெரிந்த ஒரே ஆள்.

"மாமா, அந்தப் பாட்டுல எங்கள நாயின்னு சொல்றாங்க."

"யாரம்மா?"

"பொம்பளைங்கள. ஒரு பாட்டுல இல்ல, நெறைய பாட்டுல."

இளவட்டங்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. "ஆமா, சொல்றாங்க. அது தப்புதான்" என்றார்.

"அப்ப ஏன் கேக்குறீங்க?"

மாமா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "என்ன எறக்கி வச்சு அடிச்சத இன்னொரு பாட்டுல சொல்றாங்கம்மா. அத வேற யாரும் சொல்லல."

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு எங்கள் மாமாவை எப்படித் தெரியும் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. படியில் விழுந்தவரை யார் அடித்தார்கள் என்பது அதைவிடக் குழப்பம். அக்காவுக்குக் குழப்பம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. அவள் முகம் மாறியது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "அந்தப் பாட்ட போடுங்க. மத்தது இந்த வீட்டுல வேணாம்" என்றாள். அன்றிலிருந்து ரிமோட் அக்காவிடம் இருந்தது.

மாமா தானே ஒரு பாட்டுக் கட்டத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். வரி வரியாக முதலில் அக்காவிடம்தான் சொல்லிக் காட்டினார். மாரியம்மன் திருவிழாவில், தேர் கிளம்புவதற்கு முன் மாலையில் நடக்கும் கலைநிகழ்ச்சியில் பாடப்போகிறார் என்று இளவட்டங்கள் பெயரும் கொடுத்துவிட்டார்கள். அம்மா அழுதே விட்டார்.

"ஒனக்கு கை இன்னும் ஆறல தம்பி. பாட்டு எதுக்கு?"

"பாட்டுக்கு கை எதுக்குக்கா?"

திருவிழா அன்று அப்பா வழக்கம்போல் பின்னால் நிற்காமல், முன்வரிசைக்கு அடுத்த வரிசையில் போய் உட்கார்ந்தார். நானும் கூடப் போனேன். முன்வரிசையில் தொழிற்சங்கத் தலைவருக்கும் தோட்டத்துத் துரைக்கும் போட்ட நாற்காலிகள் காலியாக இருந்தன. பாதுகாப்புக்கு வந்த இரண்டு போலீஸ்காரர்கள் அவற்றில் உட்கார்ந்து, கொடுத்த சோடாவைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

சின்னப் பிள்ளைகளின் நடனம் முடிந்தது. மாமா ஏறினார். பெரியப்பாவின் தப்பு மெதுவாகத் தொடங்கி ஏறியது. மாமா பாடவில்லை, பேசினார். ஆனால் ஒவ்வொரு சொல்லும் அடியில் போய் விழுந்தது.

"ஊரு எதுன்னு கேட்டான், நமுனுகுலன்னு சொன்னேன்.
அக்கா எங்கன்னு கேட்டான், கொழுந்து மலையிலன்னு சொன்னேன்.
அப்ப நீ ஏன்டா இங்கன்னு கேட்டான்.
அங்க இருந்தா நான் யாருடான்னு கேட்டேன்.
கேள்விய அவன் கேட்டா கடமை,
நான் கேட்டா குத்தம்."

அதற்குப் பிறகு வந்த வரிகளை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. தன்னை அடைத்து வைத்திருந்த அறையில் நடந்தவற்றை அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

போலீஸ்காரர்களுக்குத் தமிழ் தெரியாது. ஒருவர் சப்பாத்துக் காலால் தாளம் போட்டார். மற்றவர் திரும்பி, இது என்ன பாட்டு என்று அப்பாவிடம் சிங்களத்தில் கேட்டார். அப்பா சிரித்த முகத்தோடு, அம்மன் பாட்டு, மழை கேட்டுப் பாடுகிறார்கள் என்றார். அந்த அளவு சிங்களம் எனக்கும் தெரியும். பாட்டில் மழையே வரவில்லையே என்று அப்பாவைப் பார்த்தேன். அவர் கைகளைத் தொடைகளுக்கு நடுவே திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மலைக்காற்று குளிர்கிறது போல என்று நினைத்து, என் சால்வையை எடுத்து அவர் மடியில் போட்டேன். அவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பாட்டு முடிந்தது. அந்த இரண்டு போலீஸ்காரர்கள் மட்டும் கைதட்டினார்கள். வேறு ஒரு கை அசையவில்லை. இளவட்டங்கள்கூடக் குனிந்து நின்றார்கள். எனக்கு மாமாவை நினைத்து வெட்கமாகப் போய்விட்டது. வீட்டுக்குப் போகும் வழியில் அவரைத் தேற்ற நினைத்தேன். "நல்லாத்தான் பாடினீங்க மாமா. நம்ம ஆளுங்களுக்குத்தான் புரியல" என்றேன். அவர் ஆறாத கையாலேயே என் தலையைத் தடவினார்.

அந்த வருடமே மாமா வளைகுடா வேலைக்கென்று கட்டாருக்குப் போனார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார். பாட்டைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுவார். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் இன்று சம்பளத்தைப் பற்றியும் லயத்தைப் பற்றியும் ராப் பாடிப் போனில் ஏற்றுகிறார்கள். பெண்பிள்ளைகளும் பாடுகிறார்கள். தங்களுக்கு முன்னால் ஒருவர் கோயில் மேடையில் நின்றார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஆனால் திருவிழாவுக்கு மறுநாள் ஒன்று நடந்தது. மதியச் சாப்பாட்டு நேரம், மேல் லயத்து அத்தை ஒருவர் கொழுந்துக் கூடையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகன் கொழும்பில் ஹோட்டலில் வேலை செய்தவர். மாமாவை இறக்கியதற்கு முந்தின வருடம் அவரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த மகன் திரும்பி வரவில்லை. எங்கே என்றும் யாரும் சொல்லவில்லை.

அத்தை கூடையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்றார்.

"தம்பி, அந்தப் பாட்ட எனக்கு இன்னொருக்கா சொல்லுங்க. மெதுவா சொல்லுங்க."

மாமா தாளம் இல்லாமல், பாட்டாகவும் இல்லாமல், தாழ்ந்த குரலில் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். அந்த அறை வந்ததும் நிறுத்தினார். அத்தை, சொல்லுங்க என்பது போலத் தலையசைத்தார். மாமா கடைசி வரை சொன்னார். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை.

திருவிழாவில் பின்வரிசையில் உட்கார்ந்ததால் அத்தைக்குப் பாட்டுச் சரியாகக் கேட்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டு, நான் என் சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன்.